கடைசிப் பக்கத்து அடையாளம்

"இந்தப் பெட்டி பொய் சொல்லுதும்மா. எங்க போட்டு அங்க போகவே இல்ல."

சொன்ன வேகத்திலேயே படகுக்காரர் பெர்க்மான்ஸ் பெட்டியை மேஜைமேல் வைத்தார். செண்பகவல்லியின் டீ கிளாஸ் ஒரு துள்ளு துள்ளி, பாதி டீ கீபோர்டுக்குள் போயிற்று. இன்னொருத்தியாக இருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பாள். இவள் டீயைத் துடைக்காமல் பெட்டியையே பார்த்தாள். பொய் சொல்லும் பெட்டி என்றால் அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

ஆரஞ்சு நிறத்தில், சாப்பாட்டுத் தூக்குவாளி அளவில் இருக்கும் அந்தப் பெட்டி தூத்துக்குடியின் ஒவ்வொரு மீன்பிடிப் படகிலும் உண்டு. படகு எங்கே இருக்கிறது, இன்ஜின் ஓடுகிறதா, உதவிப் பொத்தானை யாராவது அழுத்தினார்களா என்று நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டே வரும். வளர்கடல் ஆணையத்தின் ஏற்பாடு அது. கடலில் ஒரு பெரிய துண்டை மீன் குஞ்சு பொரிக்க ஒதுக்கி, அதற்கு வளர்கடல் என்று பேர் வைத்து, உள்ளே நுழையும் படகைத் துண்டு துண்டாக வெட்டுவது என்று சட்டம் போட்டார்கள். நுழைந்ததா இல்லையா என்பதற்குப் பெட்டி மட்டுமே சாட்சி. மனுஷன் சாட்சி செல்லாது. மனுஷன் பொய் சொல்லுவானாம்!

"வெள்ளிக்கிழமை விசாரணை. அன்னைக்கே சாயங்காலம் போட்ட வெட்டிருவாங்க" என்றார் பெர்க்மான்ஸ். "இருபத்திரண்டு வருஷத் தொழில்மா எனக்கு. அந்த எல்லைக் கோடு எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நான் ஏன் உள்ள போறேன்?"

அன்று செவ்வாய்க்கிழமை.

செண்பகவல்லி யார் என்று சொல்லிவிட வேண்டும். கோவில்பட்டிக்காரி. வயது முப்பத்துநாலு. அந்தப் பெட்டிகளுக்குள் ஓடும் கெர்னல், அதாவது பெட்டியின் மற்ற எல்லா வேலைக்கும் அடியில் நின்று சிப்களோடு நேரடியாகப் பேசும் ஆதார மென்பொருள், இவள் கைவேலை. புது சிப் நாட்டுக்குள் வருவது நின்று பதினொரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது எல்லாமே பழைய சாமான்களிலிருந்து பிடுங்கி, துடைத்து, மறுபடி பற்றவைக்கும் சிப்கள்தான். எந்த லாட்டில், அதாவது மொத்தச் சரக்கில், எது வரும் என்று யாருக்கும் தெரியாது. கெர்னல் முதலில் ஒவ்வொரு சிப்பிடமும் 'நீ யார்?' என்று கேட்கும். சிப் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் கெர்னலின் அட்டவணையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்தச் சிப்பைப் பற்றித் துருவி அறிந்து அட்டவணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதுதான் செண்பகவல்லியின் பிழைப்பு. புது எண் வந்தால் பெண் பார்க்க வந்தவர்களைப் போல அதன் குலம் கோத்திரம் எல்லாம் விசாரிப்பாள்.

பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டி, தகராறு வந்த தொண்ணூற்றேழாவது பயணத்தைத் திறந்தாள். திரையில் கடல் வந்தது. கடலில் புள்ளிகள் வந்தன. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஆணையத்துல உங்களுக்கு என்ன காட்டுனாங்க?"

"உள்ள கெடக்க நூத்தி எழுவது புள்ளியக் காட்டுனாங்க."

"வெளிய கெடக்கத காட்டலயா?"

"அது எதுக்கு அவங்களுக்கு? அவங்க கம்ப்யூட்டரு உள்ள எத்தனைன்னு எண்ணும். அவ்வளவுதான்."

"இங்க பாருங்க. முந்நூத்தி நாப்பதாவது நிமிஷம் உங்க போட்டு இங்க நிக்கி. அதே முந்நூத்தி நாப்பதாவது நிமிஷம் அறுவது கிலோமீட்டர் தள்ளி இங்கயும் நிக்கி."

பெர்க்மான்ஸ் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கதுக்கு நான் என்ன, புனிதரா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியின் திருகுகளைக் கழற்றினாள். உள்ளே பச்சைப் பலகையில் அந்தச் சிப் இருந்தது. அவளுக்குத் தெரிந்த சிப்தான். ஜனவரியில் ஒரு லாட் வந்தது. சிப் தன் எண்ணைச் சொன்னது. அட்டவணையில் அது இல்லை. ஒரே மத்தியானத்தில் வரியைச் சேர்த்துவிட்டு எல்லோருக்கும் லட்டு வாங்கிக்கொடுத்தாள். அறுநூற்று நாற்பது பெட்டிகளில் இப்போது அந்தச் சிப்தான் இருக்கிறது.

ஒரே மத்தியானத்தில் எப்படி முடிந்தது? இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அட்டவணையில் அதே குடும்பத்துச் சிப் ஒன்றின் வரி ஏற்கெனவே இருந்தது. அதை நகலெடுத்து, கீழே ஒட்டி, எண்ணையும் அளவையும் மாற்றினாள். சோதனை ஓடியது. லட்டு வந்தது.

இப்போது அந்தச் சிப்பின் விவரக் கையேட்டைத் தேடி எடுத்தாள். நாற்பத்தொரு பக்கம், அத்தனையும் ஜப்பானிய மொழி. ஜனவரியில் முதல் மூன்று பக்கத்தின் எண்களை மட்டும் பார்த்திருந்தாள். இன்றைக்கு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவள் முப்பத்துமூன்றாம் பக்கத்தில் நின்றாள். அங்கே ஒரு படம். படத்தில் ஓர் அம்புக்குறி. அதற்கு ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை.

"அட பாவி மட்டை!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"என்னம்மா?"

அவருக்கு எப்படிச் சொல்வது? கொஞ்சம் யோசித்தாள். "அண்ணாச்சி, உங்க போட்டுல ஐஸ் பெட்டி எத்தன இருக்கு?"

"அறுவது."

"ஒழுகுற பெட்டிய எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"மூடில செவப்பு பெயின்ட் அடிச்சிருவோம். பயலுவ அதுல மீனு போடமாட்டானுவ."

"சிப்புக்குள்ளயும் அப்படித்தான். ஆயிரக்கணக்குல அறை இருக்கு. சில அறை கெட்டுப்போகும். கெட்ட அறைக்கு ஒரு அடையாளம் போட்டுருவாங்க. கெர்னல் அந்த அறையத் தொடாது. பெரும்பாலான சிப்புல அடையாளம் அறையோட முதல் பக்கத்துல இருக்கும். நான் இதுக்கு வேறொரு சிப்போட வரிய நகலெடுத்துட்டேன், அந்தச் சிப்புலயும் அப்படித்தான். இந்தச் சிப்புல மட்டும் செஞ்சவன் கடைசிப் பக்கத்துல போட்டிருக்கான்."

"அதாவது அவன் பெட்டிக்கு அடியில பெயின்ட் அடிச்சிருக்கான். நீங்க மூடியப் பாத்திருக்கீங்க."

"அதேதான்."

"அப்போ தப்பு உங்க மேலயா?"

"என் மேலதான் அண்ணாச்சி."

அவர் பதினைந்து நாளாக ஊரெல்லாம் தலைகுனிந்து திரிந்தவர். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ பெருமூச்சு விட்டு, "என் பொண்டாட்டியே என்ன ஒரு மாதிரி பாத்தாம்மா" என்றார். "இத நீங்க அவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்." அதைக் கேட்டபோது செண்பகவல்லிக்குத் திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆனால் பாதிதான் புரிந்திருந்தது. கெட்ட அறையை நல்ல அறை என்று நினைத்தால் எழுதியது அழியலாம், குழம்பலாம். யாரும் எழுதாத நூற்றெழுபது வரிகள் எப்படி முளைக்கும்? அவளுக்கு மண்டைக்குள் குறுகுறுத்தது. ஜனவரி லாட்டின் ரசீதை எடுத்துப் பார்த்தாள். 'பழைய படகுப் பெட்டிகள், கழித்தவை' என்று இருந்தது. அதாவது இந்தச் சிப்கள் முன்பு வேறொரு கம்பெனி செய்த படகுப் பெட்டிகளுக்குள் இருந்தவை. வரியை எப்படி எழுத வேண்டும் என்பது ஆணையம் வகுத்த முறை. எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே. இடம் வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு வரியிலும் படகின் எண்ணோ தேதியோ கிடையாது. பயண எண், புறப்பட்டு எத்தனையாவது நிமிஷம், அவ்வளவுதான்.

"சிப்ப மறுபடி விக்கும்போது துடைப்பாங்கல்ல?" என்று கேட்டார் பெர்க்மான்ஸ். ஆள் கெட்டிக்காரர்.

"துடைக்கிற மெஷினுக்கு அடையாளம் எங்க இருக்குன்னு சரியாத் தெரிஞ்சிருக்கு. கெட்ட அறையத் தொடாம விட்டுட்டுது. அதனால அதுல பழசு அப்படியே இருக்கு. என் கெர்னல் அத நல்ல அறைன்னு நெனச்சுத் திறந்து படிச்சிட்டுது. நீங்க தொண்ணூத்தாறு பயணம் போறவரைக்கும் ஒண்ணும் தெரியல. தொண்ணூத்தேழு போனதும் அந்த ஆளோட தொண்ணூத்தேழும் உங்களோடதும் ஒட்டிக்கிச்சு."

"எந்த ஆளோட?"

அதுதானே கேள்வி! அவள் பெர்க்மான்ஸின் வரிகளை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் திரையில் ஓடவிட்டாள். ஒரு படகு ஒரு பாருக்குப் பக்கத்தில் மெல்ல ஊர்ந்தது. கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தைத்தான் அவர்கள் பார் என்பார்கள். படகு வளைந்து, நின்று, மறுபடி வளைந்தது.

"வல வாங்குதான்" என்றார் பெர்க்மான்ஸ். பிறகு, "திரும்பப் போடுங்க" என்றார். அவள் போட்டாள். "இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை பார்த்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டே இருந்தவர்.

"வலைய இழுக்கும்போது போட்டு, வலைய சுத்தி இழுக்கிற வின்ச் இருக்க பக்கமா வளையும்மா. எங்க எல்லாருக்கும் வின்ச் வலப்பக்கம். இது இடப்பக்கம் வளையுது. இந்த ஊர்ல வின்ச்ச இடப்பக்கம் வச்சிருந்தது ஒரே போட்டுதான். 'இன்னாசியார்'. வியாகுலம் அண்ணனோட போட்டு. அவருக்கு இடதுகைப் பழக்கம்."

வியாகுலமும் மூன்று பேரும் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு புயலோடு காணாமல் போனவர்கள். பெட்டி கிடைக்காதவரை யாரையும் இறந்ததாக எழுதக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. நாலு பேரும் படகை விற்றுவிட்டு வேறு கரைக்கு ஓடியதாக, 'தலைமறைவு' என்று பதிவாகியிருந்தது. வியாகுலத்தின் மனைவி பிரகாசி மூன்று வருஷமாகக் கழுத்தில் தாலியோடும் காதில் ஊர்ப்பேச்சோடும் இருக்கிறாள். எந்தப் பெண்ணோடு போனான் என்று ஊர் ஒரு பேரைக்கூடச் சொல்லியது.

திரையில் இன்ஜின் நின்றது. வரிகளில் அது தெளிவாக இருந்தது: இன்ஜின் இல்லை, இன்ஜின் இல்லை, இன்ஜின் இல்லை. நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போய் வளர்கடலுக்குள் விட்டது. உதவிப் பொத்தான் பதினொரு தடவை அழுத்தப்பட்டிருந்தது. கரைக்கோபுரத்துக்கு அந்த அழைப்பு எட்டாத தூரம் அது. ஐந்நூற்றுப் பத்தாவது நிமிஷத்தோடு வரிகள் முடிந்தன.

"இது மட்டும் ஏன் கெட்ட அறையில எழுதிருக்கு?" என்று பெர்க்மான்ஸ் கேட்டார்.

செண்பகவல்லிக்கும் அப்போதுதான் அது உறைத்தது. "வலை வாங்கும்போதே பெட்டியோட பேட்டரி செத்துக்கிட்டு இருந்திருக்கும். அப்படி இருந்தா எழுதுறது சரியா விழாது அண்ணாச்சி. சரியா விழாத அறைய கெட்டதுன்னு பெட்டியே அடையாளம் போட்டுரும். மூழ்குற போட்டோட பெட்டி கடைசியா எழுதினது எல்லாம் கெட்ட அறையாத்தான் இருக்கும்." அந்தப் பெட்டி எங்கோ மிதந்து கரை ஒதுங்கி, யாரோ பொறுக்கி, பழைய சாமானோடு போட்டிருக்க வேண்டும்.

மறுநாள், பெட்டி செய்யும் கம்பெனியின் முதலாளி தனபாலனிடம் சொன்னாள். நல்ல மனுஷர், ஆனால் பயந்த மனுஷர். கேட்டு முடித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"செண்பகம், ஒரே ஒரு வரி. அத சரி பண்ணு. பெட்டிய மறுபடி படிக்கவை. அந்த நூத்தி எழுபதும் மறைஞ்சிடும். பெர்க்மான்ஸ் தப்பிச்சிடுவாரு. வழக்கமான மேம்படுத்தல்னு எல்லாப் பெட்டிக்கும் அனுப்பிடலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியவேண்டாம்."

"வரிய சரி பண்ணினா வியாகுலத்தோட அறை மூடிக்கும் சார்."

"அவர் போய்ச் சேர்ந்துட்டாரும்மா. இருக்கிறவரப் பாரு. நீ தப்ப ஒத்துக்கிட்டா எட்டு மாசமா அறுநூத்து நாப்பது பெட்டி சொன்னது அத்தனையும் சந்தேகம்னு ஆயிடும். நம்ம சான்றிதழ் போயிடும். உன் வேலை போயிடும். ஆணையம் இத விசாரிக்க மாசக்கணக்கு ஆக்கும். அதுக்குள்ள அந்த ஆளு போட்ட வெட்டிட்டா நீ பதில் சொல்லுவியா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. அதுதான் சங்கடம். செண்பகவல்லி தன் இடத்துக்கு வந்து வரியைத் திருத்தினாள். ஓர் எழுத்து மாற்றம். ஓடவிட்டாள். கடலில் பெர்க்மான்ஸின் புள்ளிகள் மட்டும், சுத்தமாக, கோட்டுக்கு வெளியே. வியாகுலத்தை மறுபடி ஒருமுறை மூழ்கடித்தது போல இருந்தது. அவசரமாகப் பழைய வரியைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

படகு தன்னுடையது இல்லை என்பதால் பெர்க்மான்ஸுக்கு போன் போட்டு இரண்டு வழியையும் சொன்னாள். சத்தமில்லாமல் திருத்தினால் படகு நிச்சயம். வெளியே சொன்னால் நிச்சயமில்லை.

அவர் கடற்கரையில் நின்றிருந்தார்; போனில் அலைச் சத்தம் கேட்டது.

"காலையில பிரகாசி மதினியப் பாத்தேம்மா" என்றார். "'என்ன பெர்க்மான்ஸ், போட்ட வெட்டுதாங்களாமே, சாப்பிட்டியா'ன்னு கேட்டா. உண்மையச் சொல்ல எனக்கு வாய் வரல. என் போட்டும் வேணும், அதுவும் வேணும். ரெண்டையும் சொல்ல முடியாதா?"

"சொல்லிப் பாப்போம் அண்ணாச்சி."

"பயமா இருக்குமா."

"எனக்கும்தான்."

வெள்ளிக்கிழமை காலை ஆணையத்தின் விசாரணை அறையில் ஏசிக் குளிரில் பல் கிட்டியது. உதவி ஆணையர் ஒரு பெண்மணி. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு இரண்டு திரைகளையும் பார்த்தார். இடது திரையில் திருத்தாத வரி படித்த கடல், வலது திரையில் திருத்திய வரி படித்த கடல். ஒரே நிமிஷத்தில் இரண்டு இடத்தில் நிற்கும் படகைக் காட்டியபோது நாற்காலியில் நிமிர்ந்தார். முப்பத்துமூன்றாம் பக்கத்துப் படத்தைக் காட்டியபோது பேனாவைக் கீழே வைத்தார். இடப்பக்க வின்ச்சைப் பற்றிப் பெர்க்மான்ஸ் சொன்னார். 'இன்னாசியார்' படகின் பழைய பதிவுப் புகைப்படத்தை வரவழைத்துப் பார்த்தார்கள். வின்ச் இடப்பக்கம் இருந்தது.

"ஒன்று கேட்கிறேன்" என்றார் உதவி ஆணையர். "உங்கள் பெட்டி சொன்னது தவறு என்று நீங்களே சொல்கிறீர்கள். இனி அதை நாங்கள் எப்படி நம்புவது?"

தனபாலன் பின்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டார்.

"பெட்டிய மட்டும் நம்பாதீங்க மேடம்" என்றாள் செண்பகவல்லி. "ஆளையும் கேளுங்க. இவர் அங்க போகலன்னு சொன்னாரு. போட்டுல கூடப் போன ஆறு பேரும் நின்னு சொன்னாங்க. நீங்க அவங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் பதினஞ்சு நாள் முன்னாடியே இந்தப் பெட்டியத் திறந்திருப்பேன்."

உதவி ஆணையர் பேனாவை மறுபடி எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். சாயங்காலம் மூன்று உத்தரவுகள் வந்தன. பெர்க்மான்ஸின் படகை வெட்டுவது நிறுத்தப்பட்டது. 'இன்னாசியார்' படகின் கோப்பில் தலைமறைவு என்பது அடிக்கப்பட்டு, கடலில் இறந்தனர் என்று எழுதப்பட்டது. கம்பெனியின் சான்றிதழ் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குள் அறுநூற்று நாற்பது பெட்டிகளிலும் திருத்திய வரியை ஏற்ற வேண்டும். மனுஷன் சாட்சி பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. தனபாலன் அவளைத் திட்டவுமில்லை, வேலையை விட்டு அனுப்பவுமில்லை. "தப்பு பண்ணினவளே போய் எல்லாத்தையும் மாத்து" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை செண்பகவல்லி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தாள். கெர்னலின் அட்டவணையில் அந்த வரிக்குப் பக்கத்தில் தன் கையால் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: 'இந்தச் சிப்புக்கு அடையாளம் கடைசிப் பக்கத்தில். முதல் பக்கத்தைப் பார்த்து ஏமாந்தவள் செண்பகவல்லி.' நாலு வசவு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். பெட்டியால் தண்டம் கட்டினவர்கள், வாரக்கணக்கில் கடலுக்குப் போகாமல் நின்றவர்கள் எத்தனை பேரோ!

ஏழு மணிக்கு வரிசை சேர்ந்தது. அவள் எதிர்பார்த்த ஆண்கள் இல்லை. பெண்கள். வெறும் கழுத்தோடு சிலர், தாலியோடு சிலர். மீன் கூடைக்குள் ஆரஞ்சுப் பெட்டியை வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வெவ்வேறு படகின் பெட்டிகள், யார் யாரிடமோ கேட்டு வாங்கிவந்தவை. முன்னால் நின்றவள் கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். பெர்க்மான்ஸ் பின்னால் நின்று, "பிரகாசி மதினி" என்றார்.

செண்பகவல்லி எழுந்து நின்றாள். "அக்கா, உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. நேத்து பூசை வச்சாச்சு" என்றாள் பிரகாசி. "நான் இவங்களுக்குத் துணைக்கு வந்தேன். இவ செல்லக்கனி. இவ மவன் போய் அஞ்சு வருஷம். பின்னால நிக்கவளுக்கு வீட்டுக்காரரு போயிட்டாரு. மொத்தம் ஒம்பது போட்டு இன்னும் வரல." அவள் கூடையிலிருந்து பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நீ சரியாக்க வேண்டியத சரியாக்கு. அதுக்கு முன்னால அந்தத் தப்போட ஒரு தடவ படிச்சு, உள்ள இவங்க போட்டு எதுவும் கெடக்கான்னு சொல்லிரு."

அறுநூற்று நாற்பது பெட்டி. ஆணையம் கொடுத்தது ஆறு மாதம். செண்பகவல்லி திருத்திய கெர்னலை ஒதுக்கிவைத்துவிட்டு, பழைய வரி இருந்ததை ஏற்றினாள். பெட்டியின் திருகைக் கழற்றிக் கம்பியை மாட்டினாள். செல்லக்கனி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கெர்னல் எழுந்து, வழக்கம்போல முதல் கேள்வியைக் கேட்டது.

நீ யார்?